மூன்று தரம் கேட்கிற சனம்

கேக் வைத்திருந்த தட்டைப் பக்கத்து வீட்டுக்காரி திருப்பி எடுத்துக்கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துவிட்டாள் என்று வாசித்து முடித்ததும் வகுப்பு முழுக்கச் சிரித்தது, யோகாம்பிகைக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்கட்டும், வாய் கிழியச் சிரிக்கட்டும், இவர்களுக்கு என்ன. வியாழக்கிழமைப் பின்னேரம், பாரிசுக்கு வெளியே லாக்கூர்நெவ் நூலகத்தை ஒட்டின அறை, மேசைகளை வட்டமாகப் போட்டு நடக்கிற இலவசப் பிரெஞ்சு வகுப்பு. சொல்லித்தருகிறவள் மதாம் சொலாஞ், இளைப்பாறிய வாத்தியார், கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. இலக்கணம் என்றால் அவளுக்கு ஆகாது. கிழமைக்கு ஒரு சின்னக் கதைதான், வேறு தேசத்திலிருந்து வந்து இங்கே குடியேறினவர்களின் அன்றாடக் கதை, பஸ்ஸிலே நடந்தது, பாண் கடையிலே நடந்தது, பள்ளிக்கூட வாசலிலே நடந்தது. வாசிக்க வேண்டும், சிரிக்க வேண்டும், பிறகு உங்கள் ஊரில் எப்படி என்று கேட்பாள், வாயில் வருகிற பிரெஞ்சில் சொல்ல வேண்டும். இன்றைக்கு மதாம் நூர் என்கிற ஒருத்தியின் கதை. புதிதாகப் பாரிசுக்கு வந்தவள், பசியோடு பக்கத்து வீட்டுக்குப் போகிறாள், வீட்டுக்காரி கேக் சாப்பிடுகிறாயா என்கிறாள், நூர் மரியாதைக்கு “நோன், மெர்சி” என்கிறாள், வேண்டாம், நன்றி என்று, அவ்வளவுதான், தட்டு போய்விட்டது. நூர் வீட்டுக்கு வந்து காய்ந்த பாணைத் தின்றுவிட்டுப் படுத்தாளாம். ஒருதரம் கேட்டாள். ஒரேயொரு தரம். கேட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிவிட்டாள். யோகாம்பிகை தாளைக் கவிழ்த்து வைத்தாள், வைத்தும் ஆத்திரம் அடங்கவில்லை, ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய குசினியிலும் இதேதான் நடந்தது. அங்கே கேட்டது கேக் அல்ல, கேட்டவள் பக்கத்து வீட்டுக்காரியும் அல்ல, அவள் பெற்ற ஒரே மகள் ஆரணி.

ஆரணி புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால் போனைத் தள்ளித் தள்ளி இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினாள். நாந்து நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அவளும் ஜூலியனும் போகிறார்கள், அது முன்னமே தெரிந்த சங்கதி. ஜூலியன் மருமகன், பிரெஞ்சுக்காரன், நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை, சொல்ல ஒன்றுமில்லையே என்பதுதான் சில நேரம் எரிச்சல். “இது சின்னது அம்மா. மற்றதில பின்பக்கமா இன்னொரு அறை இருக்கு, யன்னலால தோட்டம் தெரியும். நீங்களும் எங்களோட வாறீங்களா?” யோகாம்பிகை தண்ணீரைத் திறந்துவிட்டுப் புட்டுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஒருதரம் துள்ளியது. அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தால் வெட்கக்கேடு, ஆசை அப்படியே முகத்தில் வழியும், ஆகவே பானையைப் பார்த்தே சொன்னாள், “எனக்கென்னத்துக்குப் பிள்ளை? நீங்கள் இளஞ்சோடி. நான் இஞ்சை என்ர பாட்டில இருப்பன். வேண்டாம், வேண்டாம்.” சொல்லிவிட்டுத் தேய்த்த பானையையே திரும்பவும் தேய்த்தபடி காத்திருந்தாள். இப்போது ஆரணி சொல்ல வேண்டும், என்னம்மா விசர்க் கதை கதைக்கிறீங்கள், உங்களைத் தனிய விட்டிட்டு நான் அங்கை என்னெண்டு இருக்கிறது என்று. அதற்கு யோகாம்பிகை, மூட்டு வருத்தக்காரி, உங்களுக்கு இடைஞ்சல்தானே என்று இழுக்க வேண்டும். ஆரணிக்குக் கோபம் வர வேண்டும், மூன்றாந்தரமும் கேட்க வேண்டும், கொஞ்சம் கண் கலங்கினாலும் குற்றமில்லை. அதற்குப் பிறகு யோகாம்பிகை ஒரு பெருமூச்சு விட்டு, சரி, உன்ர விருப்பம் என்று தலையசைக்க வேண்டும். முறை என்றால் அதுதான் முறை. பின்னாலிருந்து வந்தது ஒரேயொரு சொல். “தாக்கோர்.” சரி என்று அர்த்தம். சரி அம்மா, கன்னத்தில் ஒரு முத்தம், புட்டு நல்லா இருந்தது, கதவு சாத்தின சத்தம். அந்தச் சின்ன வீட்டுக்கு நாளைக்குக் காலையில் கையெழுத்து. இன்றைக்கு வகுப்பு முடிய ஆரணி காரில் வந்து தாயை வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே நாந்துக்கு ஓடப்போகிறாள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிச் சொல்லிப் பிரயோசனமில்லை.

சொல்லாமலா இருந்தாள், இந்த நாலைந்து நாளும் போனில் எத்தனை விதமாகச் சொன்னாள். லிஃப்ட் பழுதாகிக் கிடக்கிறது, சாமான் பையோடு படியேற உயிர் போகிறது என்றாள். அறிவுள்ள பிள்ளைக்கு அது என்ன கதை என்று விளங்க வேண்டாமா? லிஃப்ட் திருத்துகிறவர்களுக்கு ஆரணி போன் பண்ணியிருக்கிறாள்! மறுநாளே ஒருத்தன் பெட்டியோடு வந்து திருத்திவிட்டுப் போனான், லிஃப்ட் இப்போது வழுக்கிக்கொண்டு ஏறுகிறது, அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. வீட்டுக்குள் சத்தமே இல்லை, அப்பா போன பிறகு தொலைக்காட்சி ஒன்றுதான் துணை என்றாள். தமிழ் சானல் இன்னும் நாலு பிடித்துக் கொடுத்தாள். ஒரு ஆளுக்கு என்ன சமைக்கிறது, ஒரு சுண்டுச் சோறு பொங்கினாலே மிஞ்சுகிறது என்றாள். சின்னப் பெட்டிகளில் போட்டு ஃப்ரீசருக்குள் வைக்கலாமே அம்மா என்று மூடியோடு பெட்டிகள் வாங்கி அனுப்பினாள். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி, படிப்பித்து விட்டது பிழையாய்ப் போயிற்று. கேட்டதை எல்லாம் செய்கிற பிள்ளை கேட்காததை மட்டும் செய்யமாட்டேன் என்கிறாள். நேராகக் கேட்டுவிடலாம்தான், வாயைத் திறந்து என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று. ஆனால் அப்படி ஒரு வசனத்தை ஒரு தாய் சொல்லி யோகாம்பிகை கேட்டதில்லை, அவளுடைய தாய் சொன்னதில்லை, மாமியார் சாகும்வரைக்கும் சொன்னதில்லை. பிள்ளைகள் கெஞ்ச வேண்டும், தாய் இரங்க வேண்டும். நாங்கள் இரங்கிப் போகிறவர்கள், கேட்டுப் போகிறவர்கள் இல்லை.

“பிரான்சில்,” என்று மதாம் சொலாஞ் சால்வையைச் சரிசெய்தபடி மெதுவாக, எல்லாருக்கும் விளங்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள், “ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் அதை நம்புவோம். அதுதான் அவருக்குக் கொடுக்கிற மரியாதை.” மரியாதையாம். யோகாம்பிகை பேனையை மூடியால் அழுத்தி மூடினாள். மரியாதையைக் கண்டவர்கள். இவர், அவளுடைய புருசன், செத்து ஒரு மாதம் போகவில்லை, நித்திரையே இல்லாமல் கண்ணெல்லாம் குழி விழுந்து டொக்டரிடம் போனாள், அந்த மனுசன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே எப்படி இருக்கிறீர்கள் என்றான், “சா வா” என்றாள், பரவாயில்லை என்று. வேறு என்ன சொல்கிறது? உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் ஒப்பாரியா வைக்கிறது? அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையே, நீங்கள் நன்றாக இல்லையே என்று சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லை என்றதை நம்பி, பரவாயில்லை என்று தட்டி எழுதி, கைலாகு கொடுத்து அனுப்பிவிட்டான். நம்புகிறார்களாம். நம்பிக் கெடுக்கிற சனம். முகத்தைப் பாராமல் வாயை மட்டும் நம்புகிற சனம். ஊரிலே ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தேத்தண்ணி வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறம் என்று சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே அடுப்பில் கேத்தில் ஏறியிருக்கும். முதல் கேள்விக்கே ஓம், தாங்கோ என்று சொன்னால் காணாததைக் கண்டதுகள் என்று பெயர். வேண்டாம் என்றதைச் சாட்டாக வைத்து வெறும் வாயோடு அனுப்பின வீடென்றால் அந்தக் கதை ஊர் முழுக்கப் போகும். சொந்த ஊர் அச்சுவேலியில் யோகாம்பிகையின் சித்தப்பா ஒருத்தர் ஒரு சம்பந்தத்தையே அதற்காக முறித்தார். பெண் வீட்டார் இரண்டாந்தரம் பலகாரத் தட்டை நீட்டவில்லையாம், அந்த வீட்டில் பெண் எடுத்தால் என்ர பிள்ளை பட்டினி கிடப்பான் என்று எழும்பி வந்துவிட்டார். அந்த மனுசனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், யோகாம்பிகையும் சிரித்தாள், இப்போது சிரிப்பு வரவில்லை.

பக்கத்தில் இருந்த அவா என்பவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மாலி நாட்டுக்காரி, பெரிய உருவம், பெரிய குரல், பிழை பிழையாகப் பேசுவாள், வெட்கமே படமாட்டாள், அதனால் யோகாம்பிகையைவிட நன்றாகப் பேசுவாள். எங்கள் வீட்டில் கேட்பதே இல்லை, சட்டியை நடுவில் வைப்போம், கையை விட்டுச் சாப்பிட வேண்டியதுதான், கேட்டால்தானே வேண்டாம் என்று சொல்ல வரும் என்றாள். சொலாஞ்சுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கை தட்டினாள். அவாவின் பிள்ளைகள் அவளை எங்கே வைத்திருப்பார்கள் என்று யோகாம்பிகை நினைத்தாள், கேட்டிருக்கவே மாட்டார்கள், சட்டியைப் போல நடுவில் வைத்திருப்பார்கள். “உங்கள் ஊரில், மதாம் யோகா?” சொலாஞ் திரும்பிவிட்டாள். மதாம் யோகா. யோகாம்பிகை என்கிற பெயர் நாக்கில் புரளாது என்று முதல் நாளே வெட்டிவிட்டாள், அன்றைக்கு ஒரு சீனத்துப் பெண் வந்து நீ எங்கே யோகா வகுப்பு நடத்துகிறாய் என்று கேட்டது, மூட்டு வருத்தத்தோடு கதிரையில் இருந்து எழும்பவே முடியாதவளைப் பார்த்து. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், முழுப் பெயரையே பழகிக்கொள்கிறேன் என்று சொலாஞ் கேட்கத்தான் செய்தாள். யோகாம்பிகை பரவாயில்லை என்றாள். அதையும் நம்பிவிட்டாள். எல்லார் கண்ணும் இவள் மேல். சொல்ல ஒன்றுமில்லை என்று தலையாட்டப் போனவள், என்னவோ ஒரு வீம்பில், சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தாள். “ஷே நூ, எங்கள் ஊரில், மூன்று தரம் கேட்போம்.” மூன்று தரம் என்பதையும் பிரெஞ்சில்தான் சொன்னாள், பிழையில்லாமல் வந்தது. “முதல் தரம், வேண்டாம். இரண்டாந்தரம், வேண்டாம். மூன்றாந்தரம், ஓம்.”

மூன்று தரம்! சொலாஞ் அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள், எவ்வளவு அழகு என்றாள். அவர்களுக்கு எல்லாம் அழகுதான், எங்கள் சாப்பாடு அழகு, சீலை அழகு, செத்த வீடும் அழகாகத்தான் தெரியும். எழுதிவிட்டு, சிரிப்பு மாறாமல், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், “அப்படியென்றால், ஒருவருக்கு உண்மையாகவே வேண்டாம் என்றால்? அவர் எப்படிச் சொல்வார்?” யோகாம்பிகை வாயைத் திறந்தாள். பதில் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். உண்மையாகவே வேண்டாமென்றால் முகத்திலே தெரியும், குரலிலே தெரியும், எங்களுக்குள் தெரியும், அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு பதில் வந்து தொண்டையில் நின்றது, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டது. பலாலி பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்த வருசம் நினைவுக்கு வந்தது. அதே வருசம்தான் இவரைப் பேசி வந்தார்கள். அய்யா குசினி வாசலில் வந்து நின்று சம்மதமோ பிள்ளை என்றார். வேண்டாம் என்றாள். அய்யா சிரித்தார், அம்மா சிரித்தாள், எந்தப் பெட்டைதான் முதல் கேள்விக்கு ஓம் என்பாள். அடுத்த நாள் கேட்டார்கள், வேண்டாம் என்றாள். மாமாவை விட்டுக் கேட்டார்கள், அழுதுகொண்டு வேண்டாம் என்றாள், கண்ணீர் விட்டதும் இன்னும் நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தாள். பிறகு ஒருநாள் ஓம் என்றாள். அதில் எந்த வேண்டாம் வெட்கத்துக்குச் சொன்னது, எந்த வேண்டாம் பயிற்சிக் கல்லூரிக்காகச் சொன்னது? முதல் வேண்டாம் உண்மையாக இருந்திருக்க வேண்டும், இரண்டாவதும்தான், மூன்றாவது வெறும் பழக்கம், இல்லை, மூன்றாவதுதான் உண்மை, அதற்குத்தானே அழுதாள். அழுகையும் முறைக்குத்தான் என்று அன்றைக்கே யாரோ சொன்னார்கள். இத்தனை வருசம் அந்த மனுசனோடு இருந்து, அவருக்குச் சமைத்து, அவருக்குப் பிள்ளை பெற்று, அவருக்குக் கொள்ளியும் வைத்தாகிவிட்டது, இந்தச் சால்வைக்காரி வந்து எதற்காக இதைக் கிளறுகிறாள்? “தெரியாது,” என்றாள் யோகாம்பிகை. சொலாஞ் தலையாட்டினாள், அடுத்த ஆளிடம் போய்விட்டாள், திரும்பக் கேட்கவில்லை.

கேட்காததே நல்லது. வங்காளப் பையன் ஒருத்தன் தன் மாமனார் வீட்டு மீன்குழம்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான், வகுப்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. யன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, இந்த ஊர் மாரிகாலப் பின்னேரங்கள் நாலு மணிக்கே செத்துப்போகிறவை. இந்த நேரத்தில்தான் பயம் வரும். வீட்டுக்குப் போய்த் திறப்பைப் போட்டுத் திருப்பினால் உள்ளே காலையில் விட்டுவிட்டு வந்தது அப்படியே இருக்கும், கழுவாத கோப்பை கழுவாமல், மடிக்காத போர்வை மடிக்காமல், ஒரு தும்பு நகர்ந்திருக்காது. கீழ் மாடியில் ஒரு போர்த்துக்கீசக் கிழவன் இருந்தான், போன கோடையில் அவனைக் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். முதலில் மணம்தான் வந்தது, படிக்கட்டில் குப்பை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், யோகாம்பிகைகூட மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஏறி இறங்கினாள், கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் திட்டினாள். அது மனுசன் என்று தெரிந்த அன்றைக்குக் குளித்தாள், குளித்தாள், மணம் போகவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், லிஸ்பனிலோ எங்கேயோ, எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டிருப்பார்கள், அவனும் சா வா என்றுதான் சொல்லியிருப்பான். அதைத்தான் நினைக்கக் கூடாது என்று தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பாள். செத்துப் போவதில் ஒன்றுமில்லை, எல்லாரும்தான் சாகிறார்கள். படிக்கட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்களே, அதுதான். அந்த இன்னொரு அறை, தோட்டம் தெரிகிற யன்னல், படத்தில் தோட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு செடியும் ஒரு துணி காயப்போடுகிற கம்பியும்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த அறையில் கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். தலைமாடு தெற்கே வர வேண்டும், சாமிப்படம் மூலையில், குசினிக்குக் கிட்ட இருந்தால் விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டு மூன்று பேருக்கும் வைக்கலாம். வேண்டாம் என்று சொன்னவள்தான் கட்டில் போட்டுப் பார்க்கிறாள். அறிவு கெட்டவள், அறிவு கெட்டவள் என்று தன்னையே திட்டினாள், பிறகு அந்தக் கோபத்தை வாரி எடுத்து அப்படியே மகள் தலையில் கொட்டினாள், நான் அறிவு கெட்டவளென்றால் நீ யார், ஒரு சொல்லை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனவள்.

வெள்ளைக்காரப் பள்ளிக்கூடம், வெள்ளைக்காரப் புருசன், வேறு என்ன வரும். சின்ன வயதில் இருந்து இப்படித்தான், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, சிவப்புச் சைக்கிள் என்று பட்டென்று சொல்லும். ஆட்கள் வீட்டுக்குப் போனால் யோகாம்பிகை மேசைக்குக் கீழே தொடையில் கிள்ள வேண்டும், அப்படியும் முதல் கேள்விக்கே ஃபாந்தா என்று வாயைத் திறக்கும். தமிழ் பேசுகிறாள், புட்டுத் தின்கிறாள், வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டாள், உள்ளுக்குள் முழுப் பிரெஞ்சுக்காரி. அவளுக்கு விளங்கவில்லை. வேறு காரணமில்லை, விளங்கவில்லை. விளங்காத பிள்ளைக்கு விளங்கப்படுத்த வேண்டியதுதான், மதாம் நூருடைய கதையைக் கையில் கொடுத்தாவது விளங்கப்படுத்த வேண்டியதுதான். இந்த நினைப்பு வந்ததும் யோகாம்பிகைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிழை பிள்ளையிலே இல்லை, நாட்டிலே. நாட்டைத் திட்டுவது சுகமாகக்கூட இருந்தது. கதிரைகள் உரசுகிற சத்தம், வகுப்பு முடிந்துவிட்டது. அவா தன் பெரிய பைக்குள் கையை விட்டு ஒரு பிடி வறுத்த கச்சானை, நிலக்கடலையை எடுத்து, தருகிறேன் என்றும் சொல்லாமல், வேண்டுமா என்றும் கேட்காமல், யோகாம்பிகையின் உள்ளங்கையை விரித்து அதில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். யோகாம்பிகை அதைத் தின்றுகொண்டே படியிறங்கினாள்.

கார் நூலக வாசலில் நின்றது. பின் சீட் முழுக்க ஆரணியின் சாமான், போர்வை, ஒரு விளக்கு, தலைகீழாக ஒரு பூச்சாடி. யோகாம்பிகை ஏறி, பெல்ட்டைப் போட்டு, கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

“என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“முகம் எப்பவும் இருக்கிற மாதிரித்தான் இருக்கு.”

“வகுப்பில என்ன கதை இண்டைக்கு?”

“கேக் கதை.”

ஆரணி சிரித்தாள், என்ன கேக் என்று கேட்கவில்லை, காரை எடுத்தாள். சந்தைக் கட்டடம் போனது, ட்ராம் பாதை போனது, தெரிந்த மருந்துக்கடை போனது, இன்னும் இரண்டு திருப்பம் போனால் வீடு வந்துவிடும், வந்தால் முத்தம், கதவு சாத்துகிற சத்தம், முடிந்தது. யோகாம்பிகை வாய்க்குள் வசனத்தைச் சேர்த்தாள், மூட்டு வருத்தம் என்று தொடங்கலாமா, நூருடைய கதையிலிருந்து தொடங்கலாமா, சொற்கள் ஒன்றும் வரிசையில் நிற்கவில்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றது, அவள் வாயிலிருந்து அது தானாக வெடித்தது.

“ஏன் நீ ரெண்டாந்தரம் கேக்கேல்லை?”

“எதை?”

“எதையோ? நாந்துக்கு வரச்சொல்லி.”

ஆரணியின் கைகள் ஸ்டியரிங்கில் அப்படியே நின்றன. “நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்தானே அம்மா.”

“சொன்னா? சொன்னா அப்பிடியே விட்டிடுறதோ? தேத்தண்ணிக்கே மூண்டுதரம் கேக்கிற சனமடி நாங்கள். பெத்த தாயை ஒருக்காக் கேட்டுப்போட்டுத் தாக்கோர் எண்டு எழும்பிப் போறியே, நீ என்ன வெள்ளைக்காரியே? ஒருதரம் கேட்டா அது ஒரு கேள்வியே? உன்னில பிழையில்லை. இந்த நாடு உன்னை இப்பிடி ஆக்கிப்போட்டுது. எங்கட பழக்கம் உனக்கு விளங்கேல்லை.”

“எனக்கு விளங்கும்.”

“என்ன விளங்கும்? ஒண்டும் விளங்காது.”

“எல்லாம் விளங்கும் அம்மா. அம்மா வேண்டாம் எண்டா விடாத, இன்னும் ரெண்டுதரம் கேள், அப்பத்தான் ஓம் எண்டுவா எண்டு ஜூலியனுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்.”

“அப்ப?”

ஆரணி முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள், குரல் மெல்லியதாக, ஒளிவுமறைவு ஒன்றுமில்லாமல். “விளங்கினபடியாத்தான் ஒருக்கா மட்டும் கேட்டனான்.”

அந்த ஒரு வசனம் உள்ளே இறங்க இறங்க, வகுப்பு முழுக்க யோகாம்பிகை யார் யாரைத் திட்டினாளோ அவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள், சால்வைக்காரி போனாள், டொக்டர் போனான், பிரான்ஸ் தேசமே எழும்பிப் போய்விட்டது, காருக்குள் இவளும் மகளும்தான் மிச்சம். பிரெஞ்சுக்காரியாம். எங்கே பிரெஞ்சுக்காரி? இவள் அல்லவா அசல் அச்சுவேலிக்காரி. கேட்காமல் விட்டால் பழி வரும், மூன்று தரம் கேட்டால் ஆள் வந்துவிடும், ஆகவே சரியாக ஒரேயொரு தரம், தாயின் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டே. சோறு போதாத நாளில் வாசல்வரைக்கும் வந்து, இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன் என்று யோகாம்பிகையும் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறாள். இல்லை, வேணாம், நேரம் போட்டுது என்று அவர்கள் சொல்லும்போது, சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடலாம்போல இருக்கும். படிக்கட்டு இறங்கிப் போகிறவர்களுக்குக் கை காட்டினபடி, அப்பாடா என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். இப்போது படிக்கட்டில் இறங்கிப் போகிறவள் இவள். கோபம் வந்தது, இதுவரைக்கும் வந்ததெல்லாம் கோபமே இல்லை என்கிற மாதிரி வந்தது.

ஆரணி அழுதுகொண்டிருந்தாள். “எனக்குக் கொஞ்சக் காலம் என்ர வீட்டில நான் இருந்து பாக்கோணும் அம்மா. வேறை ஒண்டுமில்லை. நீங்கள் வேண்டாதவ இல்லை.” மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். “இப்பக் கேக்கிறன். நிசமாக் கேக்கிறன். மற்ற வீட்டை எடுப்பம். வாறீங்களா?”

“வேண்டாம்.”

“அம்மா, வாங்கோ.”

“வேண்டாம்.”

“மூண்டாந்தரமும் கேக்கிறன். வாங்கோ அம்மா.”

ஆரணி தாயின் முகத்தைத் தேடினாள், இது எந்த வேண்டாம் என்று அதில் தேடினாள். யோகாம்பிகை முகத்தை மறைக்கவில்லை, நன்றாகத் திரும்பிக் காட்டினாள், பார்த்துக்கொள்ளட்டும். இந்தத் தரம் எந்த வேண்டாம் என்று யோகாம்பிகைக்கு ஒரு துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

“வேண்டாமெண்டா வேண்டாம்தான். பச்சை விழுந்திட்டுது, எடு காரை.”